ஏழு படிகளும் உங்கள் தங்கையும்

வடக்குவெளி,
திருத்துறைப்பூண்டி வழி.
கார்த்திகை 10, புதன்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் சிங்காரவேலு அவர்களுக்கு,

வடக்குவெளி குணசேகரன் கைகூப்பி எழுதிக்கொண்டது. நன்னிலத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம், சம்பா பயிர் சுகம், பசுவும் கன்றும் சுகம். நான் ஒருவன்தான் பாக்கி.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. ஸ்பீக்கரில் போடாமல் போன் பேசுவது உங்கள் பரம்பரையிலேயே கிடையாது. போன ஆனியில் எனக்கு வந்த மூலக்கடுப்பை உங்களிடம் அந்தரங்கமாகச் சொன்னேன். நீங்கள் அதை நன்னிலம் பேருந்து நிலையத்தில் நின்றபடி கேட்டிருக்கிறீர்கள். மறு வாரம் முன்பின் தெரியாத ஒரு கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்து, “கருணைக்கிழங்கு சாப்பிடுங்க சார், நல்லா கேக்கும்” என்று எனக்கு வைத்தியம் சொன்னார். அதனால் இதை எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை அகிலாண்டம், ஐம்பத்துமூன்று வயதில், வயலுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன் ஓட்டுகிறாள். ஓட்டட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவளுக்கு உதவியாளராக நான் பெயர் கொடுக்க வேண்டுமாம். நான்! வருகிற திங்கட்கிழமைக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால், மகளிர் குழுவுக்கு வந்த ட்ரோன் அடுத்த ஊர்க் குழுவுக்குப் போய்விடுமாம். பத்து நாளாக அந்தப் படிவம் டிவிக்கு அடியில் மடித்த மடிப்பு கலையாமல் இருக்கிறது. நான் அதைத் தொடவும் இல்லை, அவள் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தினமும் டிவியைத் துடைக்கும்போது அதையும் தூக்கித் துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள்.

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வழக்கு என்று வந்தால் வாதியின் வரலாறும் வேண்டுமல்லவா? கூட்டுறவு சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது, 2014ஆம் வருடம், கூட்டுறவு வார விழாவில் நன்றியுரை சொல்ல எழுந்தேன். சிறப்புப் பேச்சாளரின் கார் முத்துப்பேட்டையில் பஞ்சராகி நின்றுவிட்டது, அவர் வரும்வரை சமாளியுங்கள் என்றார்கள். சமாளிக்கத் தொடங்கியவன் இன்றுவரை நிறுத்தவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது நான் என் பேச்சின் மூன்றாம் படியில் இருந்தேன், அவரே கீழே உட்கார்ந்து கேட்டார். அன்றிலிருந்து பள்ளி, கல்லூரி, மகளிர் தினம், ஓய்வுபெறும் விழா, ஒருமுறை காதணி விழாவிலும்கூட, ‘வெற்றிக்கு ஏழு படிகள்’ என்று பேசிவருகிறேன். விசிட்டிங் கார்டில் ‘வாழ்க்கைப் பயிற்சியாளர், ஆளுமை மேம்பாட்டு ஆலோசகர்’ என்று போட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பேத்தி அதன் பின்பக்கத்தில் யானை வரைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

படிகளைச் சொல்லிவிடுகிறேன், வழக்குக்குத் தேவைப்படும். உன் லட்சியத்தைத் தாளில் எழுது என்பது முதல் படி. விடியலில் எழு என்பது இரண்டாவது, அதை மட்டும் அகிலாண்டம் நான் சொல்வதற்கு முப்பது வருடம் முன்பிருந்தே செய்துவருகிறாள், நான் இனிமேல்தான் தொடங்க வேண்டும். வயதில் சிறியவராக இருந்தாலும் நல்ல குருவைத் தேடிப் பிடி, இது மூன்றாவது. இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டும் என்பதற்காகவே சேர்த்தது. கூட்டத்தோடு கூட்டமாக நிற்காதே என்பது நான்காவது. பயப்படும் காரியம் ஒன்றைத் துணிந்து செய் என்பது ஐந்தாவது. தவறு நடந்தால் மறைக்காதே, எழுதி வை என்பது ஆறாவது. ஏழாவதை மட்டும் இதுவரை எந்தச் சபையும் கேட்டதில்லை. காரணம் நம் மைக் செட் அஹமது கபீர். பதினோரு வருடமாக என் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் மைக். நாற்பது நிமிடம் ஆனதும் விழாக்காரர்கள் கபீரைப் பார்ப்பார்கள், கபீர் பெட்டியைப் பார்ப்பார், ஆறாம் படி முடிகிற இடத்தில் மைக்குக்குச் சரியாகத் தொண்டை கட்டிக்கொள்ளும். பழைய மெஷின் என்கிறார். இரண்டு முறை புதிது வாங்கிவிட்டார், தொண்டைக்கட்டு மட்டும் போகவில்லை.

வீட்டு ஒத்திகையிலும் இதே கதைதான். கூட்டத்துக்கு முதல் நாள் அகிலாண்டத்தை உட்காரவைத்து முழுப் பேச்சையும் பேசிப் பார்ப்பேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே “ம்” என்பாள். ஆறாம் படிக்கும் குக்கரின் மூன்றாவது விசிலுக்கும் அப்படி ஒரு பொருத்தம், எழுந்து போய்விடுவாள். அந்த “ம்” என்பதை நான் மரியாதைக்குச் சொல்கிற “ம்” என்றுதான் நினைத்திருந்தேன். அதில் விஷயம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை, மச்சான்.

உங்கள் தங்கைக்கு அவ்வப்போது கிறுக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 2016இல் திடீரென்று ஸ்கூட்டி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பி, வாய்க்கால் கரையில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை வாய்க்காலுக்குள்ளேயே விழுந்து, நான்காம் முறை திருத்துறைப்பூண்டிக்கே போய் மளிகை வாங்கி வந்துவிட்டாள். 2018இல் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறேன் என்றாள். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறியபோது, என்னவோ அவள் மருத்துவம் படிக்கப் போகிறாள் போல நீங்கள் நன்னிலத்திலிருந்து மாலையோடு வந்தீர்கள். அதெல்லாம் தொலையட்டும், பெண்களுக்கு நாற்பதுக்கு மேல் வருகிற துறுதுறுப்பு என்று நான் பெருந்தன்மையோடு இருந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால்தான் ட்ரோன் பயிற்சியில் சேர்ப்பார்கள் என்பது அப்போது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இந்த வருடம் பயிற்சிக்குப் பதினைந்து நாள் தஞ்சாவூரில் தங்கிவிட்டு வந்தாள். போகும்போது பையில் இட்லிப்பொடி இருந்தது, வரும்போது தலையில் தொப்பியும் பேச்சில் ஒரு குருவும் இருந்தது. குருவின் பெயர் கவிப்ரியா, அங்கே பயிற்சி கொடுத்த பெண், இப்போது நம் குழுவைப் பழக்க ஊருக்கும் வந்து போகிறது. வயது இருபத்தாறு. “கவி சொன்னாங்க, பேட்டரிய வெயில்ல வெக்கக் கூடாதாம்.” “கவி சொன்னாங்க, காத்து அடிச்சா தெளிக்கக் கூடாதாம்.” “கவி சொன்னாங்க, அவசரப்படாம மூச்சு விட்டுட்டு அப்புறம் கன்ட்ரோல் ஸ்டிக்கத் தொடணுமாம்.” மூச்சு விடுவதைப் பற்றி நான் மன்னார்குடியில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அதை யாராவது “குணசேகரன் சொன்னாங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் மோசமில்லை, மரியாதையாகத்தான் பேசுகிறது. ஆனால் என்னை அங்கிள் என்கிறது, அகிலாண்டத்தைப் பைலட் என்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் பைலட்டும் இன்னொருவர் அங்கிளும் ஆகிவிட்டோம்.

சரி, பொறாமைப்படுகிறான் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்று, முதல் ஓட்டத்தை நானே முன்னின்று நடத்தினேன். ஐப்பசி கடைசியில், நம் கிழக்கு வயலில். சாமியானா போட்டேன், கபீரை மைக் கட்டச் சொன்னேன், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் போய் நின்றேன். புது வண்டி எடுத்தால் என்ன செய்வோமோ அதை ஒன்று குறையாமல் செய்தேன். மாலை போட்டேன். காலுக்கு ஒரு எலுமிச்சம்பழமாக நான்கு வைத்தேன். சக்கரம் இல்லாத வண்டி என்பதால் நசுக்க முடியவில்லை, கபீர் செருப்பால் மிதித்து உதவினார். தேங்காய் உடைத்தேன், சூடம் காட்டினேன். அப்புறம் முன்பக்கத்தில் கறுப்பாகக் கண் மாதிரி ஒன்று தெரிந்தது. லட்சணமாக இருக்கட்டும் என்று அதன்மேல் சந்தனத்தை வழித்துப் பட்டையாகப் பூசி, நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம் வைத்தேன். கவிப்ரியா அப்போது சற்றுத் தள்ளி மருந்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. மருந்து என்றால் விஷமில்லை, நம் குழுப் பெண்கள் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுக்கிற மீன் அமிலம். ஆறு மாதம் ஊறிய சரக்கு. பயிருக்கு அமிர்தம் என்கிறார்கள். வாசனை எப்படி என்று பயிரிடம்தான் கேட்க வேண்டும்.

முப்பது நிமிடம் பேசிவிட்டுக் கொடியசைத்தேன். ட்ரோன் எழுந்தது. ஆளுயரத்துக்கு மேல் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அகிலாண்டம் முன்னால் தள்ளுகிறாள், அது ஓரடி நகரவில்லை. கையிலிருந்த கருவி ‘முன்னால் தடை, முன்னால் தடை’ என்று கத்துகிறது. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைப் பயிர்தான், கொக்கு ஒன்று நின்றது, அதுவும் பயந்து பறந்துவிட்டது. கவிப்ரியா ஓடி வந்து பார்த்துவிட்டு, “அங்கிள், சென்சார் மேல யாரு சந்தனம் பூசுனது? அதுக்கு எதிர்ல செவுரு இருக்கற மாதிரி தெரியுது” என்றது. செய்தது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? “சாஸ்திரத்துக்குத்தாம்மா” என்று மைக்கிலேயே சொன்னேன். இதற்குள் அகிலாண்டம் பதறிப்போய்ப் பின்னால் இழுத்தாள். பின்பக்கக் கண்ணுக்கு நான் பொட்டு வைக்கவில்லை பாருங்கள், அது குதித்துக்கொண்டு, சாமியானாவுக்கு வெளியே கொடியோடு நின்ற என்னை நோக்கி வந்தது. தரையிறக்க ஒரு பொத்தான், தெளிக்க ஒரு பொத்தான். அவள் தெளிக்கிற பொத்தானை அழுத்திவிட்டாள்.

மச்சான், எட்டு முழ வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, தலை, மீசை, மைக் எல்லாம் நனைந்துவிட்டது. கவிப்ரியா பாய்ந்து கருவியை வாங்கி இறக்காவிட்டால் பத்து லிட்டரும் என் மேல்தான். ஊரே சிரித்தது. மூன்று நாள் நான் எந்தச் சோப்புப் போட்டும் பலிக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் பின்னால் ஏழு பூனை வந்தது. கபீரின் மைக்குக்கு அன்றுதான் நிஜமாகவே தொண்டை கட்டியது.

உங்கள் தங்கை அன்று அழுதிருந்தால் நான் பெரிய மனது பண்ணி, “விடு, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று தேற்றியிருப்பேன். அதற்கான வசனம்கூட தயாராக இருந்தது. அவளோ வரப்பில் உட்கார்ந்து, பயிற்சி நோட்டில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘பொட்டு வைத்தது அவர். பொத்தானை மாற்றி அழுத்தியது நான்’ என்று இருந்தது. “ஏன்டி, இதப் போயி எழுதற?” என்றேன். “ஆறாவது படிங்க. மறைக்காம எழுதணும்ல?” என்றாள். சொந்த வயலில் சொந்தப் படியிலேயே தடுக்கி விழுந்தேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் கவிப்ரியாவோடு போய்ப் பழகினாள். பத்து நாளில் வரப்பு ஓரம்வரை ஒரு துளி வெளியே சிந்தாமல் தெளிக்கிறாள். நான் பார்க்கவில்லை, ஊரில் சொன்னார்கள். சரி, ஒரு நாள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் தெளிக்கிறாள்.

இதோடு நின்றதா? மேலத்தெரு ஐயாவுவை உங்களுக்கு நினைவிருக்கும். என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே மனிதர் என்று நான் நம்பியிருந்தவர் அவர். மூன்று வருடம் முன்பு என்னிடம் ஆலோசனை கேட்டார். நான்காம் படியைச் சொன்னேன். கூட்டத்தோடு நிற்காதே என்று கேட்டவர், ஊரே நடவு முடித்து ஒரு மாதம் கழித்துத் தனியாக நட்டார். தை மாதம் ஊர் அறுத்து முடித்து மாட்டையும் அவிழ்த்து விட்டாயிற்று. சுற்றுவட்டாரத்தில் பச்சையாக நின்றது அவர் வயல் மட்டும்தான். இரவில் எலி, பகலில் மாடு, காலையும் மாலையும் குருவி என்று முறைவைத்து வந்து சாப்பிட்டுப் போயின. அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அப்பேர்ப்பட்டவர் போன வெள்ளிக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்தார். சமாதானம் பேசத்தான் வருகிறார் என்று நாற்காலியை எடுத்துப் போட்டேன். “ஒங்கள இல்ல. அகிலாண்டத்தக் கூப்புடுங்க. நம்ம வயலுக்கு எப்ப வருதுன்னு கேக்கணும்” என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காபியைக் குடித்து, என் மனைவியிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனார். போகும்போது துண்டை உதறவும் மறக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை மங்களாம்பிகை அம்மாள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்று வைத்து என்னைப் பேச அழைத்திருந்தார். அழைத்தவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். “சார், நீங்க பதினோரு வருஷமாப் பேசறீங்க. ஒங்க வழிகாட்டலால முன்னேறின ஒருத்தரக் கூட்டிட்டு வந்தீங்கன்னா, பிள்ளைங்க முன்னால ரெண்டு நிமிஷம் பேச வைக்கலாம்” என்றார். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கபீரைக் கூப்பிட்டுக் கேட்டேன், எல்லாக் கூட்டத்துக்கும் வந்தவர் அவர் ஒருவர்தானே? அவர் வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஐயாவு?” என்றார். இருவரும் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை, மச்சான். உங்களிடம் மறைப்பானேன்? எத்தனை மேடை, எத்தனை பொன்னாடை. பொன்னாடை மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. என் சொல்லால் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு படி ஏறியிருந்தால் போதுமே, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பிள்ளைகள் முன் நிறுத்திவிடுவேனே என்று நினைத்தேன். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. கேட்டவர்கள் எல்லாம் கைதட்டினார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

நான் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியை மறுபடி போன் செய்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைங்க எல்லாம் ட்ரோன் ஓட்டற மேடத்தப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. சனிக்கிழமை நீங்க அவங்கள அழைச்சுட்டு வர முடியுமா?” என்றார். அழைப்பிதழ் நேற்று வந்தது. ‘சிறப்புரை: திருமதி அகிலாண்டம், ட்ரோன் பைலட். உடன்: திரு. குணசேகரன்.’ உடன்! நான் வாழ்க்கையில் எத்தனையோ பட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ‘உடன்’ என்று ஒரு பட்டம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

இந்த நிலையில்தான் டிவிக்கு அடியில் அந்தப் படிவம். உதவியாளர் என்றால் என்ன வேலை தெரியுமா? பேட்டரி மாற்ற வேண்டும். தண்ணீர் சுமக்க வேண்டும். மீன் அமிலத்தை வடிகட்டி ஊற்ற வேண்டும். வயலின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு ஆள், ஆடு வராமல் பார்த்துக் கை காட்ட வேண்டும். அதற்கு ஐந்து நாள் பயிற்சி வேறு, அதையும் அந்த இருபத்தாறு வயதே கொடுக்குமாம். வாழ்க்கைக்கே பயிற்சி கொடுத்தவன் பேட்டரிக்குப் பயிற்சி எடுக்க வேண்டுமா? கோடியில் கை காட்டிக்கொண்டு நின்றால் ஐயாவு அந்த வழியாகத் துண்டை உதறிக்கொண்டு போகமாட்டாரா?

ஆகவே மச்சான், நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நடை வந்து போக வேண்டும். நான் சொன்னால் அவள் என் படிகளையே எடுத்து எனக்குப் படிக்கிறாள். நீங்கள் அண்ணன். “வயசான காலத்துல ஒனக்கு எதுக்கும்மா இது?” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் எழுதியது என்று மட்டும் சொல்லாதீர்கள். தற்செயலாக வந்தது போல வாருங்கள். வருகிற வழியில் மறக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல மழையும் நல்ல விளைச்சலுமாய் உங்கள் வீடு நிறைந்திருக்க வேண்டும். யானை வரைந்த பேத்திக்கு என் ஆசி, கூடவே இரண்டு புது விசிட்டிங் கார்டும் வைத்திருக்கிறேன். இனி அவை எனக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்,
குணசேகரன்

பி.கு.: மச்சான், வர வேண்டாம். இல்லை, வாருங்கள், ஆனால் மேலே எழுதிய காரியத்துக்கு வேண்டாம். எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன், இத்தனை பக்கம் எழுதியபின் மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்துக்கு உறை தேடி, அவள் பீரோவைத் திறந்தேன். புடவைக்கு அடியில் ஒரு டைரி. எங்கள் கூட்டுறவு சங்கத்தில் 2014இல் கொடுத்த பச்சை டைரி, நான் வீட்டில் கொண்டுவந்து போட்டு மறந்தது. பிறர் டைரியைப் பிரிக்கக் கூடாது என்று நான் ஒரு பேச்சில் சொல்லியிருக்கிறேன். பிரித்தேன். முதல் பக்கத்தில் ‘அவர் சொன்னது’ என்று தலைப்பு. கீழே தேதி போட்டு, என் ஒத்திகை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். ‘இன்று மூன்றாவதை மறந்துவிட்டு நான்காவதுக்குப் போய்விட்டார். நான் சொல்லவில்லை, பாவம்.’ ‘இன்று கொஞ்சம் நீளம். சாம்பார் அடிபிடித்துவிட்டது. ஆனால் ஐந்தாவது நன்றாக இருந்தது. பயப்படுகிறதைச் செய் என்கிறார். எனக்கு ஸ்கூட்டி பயம். நாளைக்குப் பார்க்கலாம்.’ இது 2016, ஆவணி மாதம். இன்னொரு பக்கத்தில், ‘லட்சியத்தைத் தாளில் எழுது என்கிறார். எழுதிவிட்டேன்: பத்தாம் வகுப்பு பாஸ்.’ அதன் கீழே வேறு பேனாவில் ‘ஆச்சு’ என்று இருந்தது. இந்த வருடப் பக்கத்தில், ‘சிறியவரையும் குருவாகப் பிடி என்றார். கவியைப் பிடித்துக்கொண்டேன்.’ நான் அவளுக்குப் பிடித்த கிறுக்கு என்று நினைத்தது ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் நான் வீட்டில் பேசியிருக்கிறேன், மச்சான். பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அது மட்டுமில்லை. பக்கம் தவறாமல் கடைசி வரி ஒன்றே: ‘ஏழாவது: ’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். பதினோரு வருடமாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். குக்கர் விசில் அடித்துவிடுமே! ஏழாவது படி எனக்கே மறந்துவிட்டது என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பொன்னாடைப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘ஏறுகிறவருக்கு ஏணியைப் பிடித்துக்கொள்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

டைரியில் கடைசியாக விட்டிருந்த இடத்தில் அதை எழுதினேன். டிவிக்கு அடியிலிருந்த படிவத்தைப் பிரித்து, அதே பேனாவால் உதவியாளர் என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதிவிட்டேன். பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. கவிப்ரியா மேடம் காலை ஆறு மணிக்கே வரச் சொல்கிறதாம், இரண்டாம் படியையும் ஏறித்தான் தீர வேண்டும். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள், பள்ளிக்குச் சேர்ந்து போகலாம். உங்கள் தங்கை பேசுவதை முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மறுநாள் ஐயாவு வயலில் தெளிப்பு, அதற்கு வெள்ளை வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சற்று முன் கபீருக்குப் போன் செய்தேன். “தலைமையாசிரியை கேட்டாங்களே, என் பேச்சக் கேட்டு முன்னேறின ஆளு, கெடைச்சாச்சு கபீர்” என்றேன். “யாரு சார்?” என்றார். சொன்னேன். மறுமுனையில் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது.

“அது ஊருக்கே தெரியுமே சார். அன்னிக்கு வெளி ஆளக் கேக்கறீங்கன்னுதான் ஐயாவுன்னேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நாங்க சொல்லாம இருந்தோம்” என்றார்.